பட்டியலில் நீ இருந்தாய்

உன் அண்ணன் நேற்று உன் வயர்லெஸ் செட்டைக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்தார். "இத நீயே வச்சுக்கோப்பா. ஆத்துல அம்மா இதையே பாத்துண்டு உக்காந்திருக்கா." அவர் போனதும் சுவிட்சைத் தட்டினேன். இரைச்சல் கேட்டது. ஸ்கூட்டர் நசுங்கிவிட்டது, நீ போய்விட்டாய், நாம் பற்றவைத்த ஒரு இணைப்புகூட விட்டுப்போகவில்லை. எனக்கு இது புரியவேயில்லை.

காலேஜ் புராஜெக்டில் நம் சண்டை இதுதான். புயலில் டெலிபோன் கம்பிகள் அறுந்துபோனால், நகர்ந்துகொண்டே இருக்கும் நாலு செட்டுகள் செய்தியை எப்படிக் கைமாற்றுவது? என் முறை பட்டியல். யாருக்கு யார் எட்டுவார் என்று அரை மணிக்கு ஒருதரம் குறித்துக்கொள். நடுவில் பதிலுக்குக் காத்திராமல் அனுப்பிக்கொண்டே போ. நீயோ ஒவ்வொரு செய்திக்கும் முன்னால் "திருவான்மியூருக்கு யார் வழி?" என்று கூவச் சொன்னாய். கடைசி ஆள்வரை போய்ப் பதில் திரும்பினால்தான் பேச வேண்டும்.

"கல்யாண மண்டபத்துல செருப்புத் தேடற மாதிரி இருக்குடா" என்றேன்.

"பதில் வராம பேசினா அது பேச்சு இல்லடா, ஒப்பிக்கிறது" என்றாய்.

சோதனை நாளன்று காலையில் உன் முறை, மதியம் என் முறை. நான் மயிலாப்பூர் மொட்டை மாடியில். நீ ஸ்கூட்டரில் அடையாறு பக்கம். நம் கூட்டாளி சம்பத் திருவான்மியூர் பஸ் ஸ்டாண்டில். நாலாவது செட் தி.நகரில் சைக்கிளில் சுற்றியது. சம்பத்துக்கு நான் சொல்வதெல்லாம் உன் வழியாகத்தான் போக வேண்டும். மதியம் என் முறைப்படி படபடவென்று அனுப்பினேன். பாலத்தருகே லாரி உன்னை அடித்தபோது என் பட்டியலில் உன் பெயருக்கு நேரே டிக் இருந்தது. அதற்குப் பிறகும் உன் வழியாக ஒன்பது செய்தி அனுப்பினேன்.

செய்தி ஒன்றுமே வரவில்லையே என்று உன்னைத் தேடி வாடகை சைக்கிளை மிதித்து வந்தவன் சம்பத். உன் செட்டிலிருந்து அவன் குரல் வந்தது. "இன்னாடா பேசிக்கினே கீற? அவன் இங்க ரோட்ல கெடக்குறான்டா."

அடிபட்ட கணமே உயிர் போய்விட்டது, சீக்கிரம் வந்திருந்தாலும் பயனில்லை என்றார் டாக்டர். ஆறுதலுக்காகத்தான் சொன்னார். அந்த அரை மணி நான் பேசியதெல்லாம் பிணத்திடம் என்றுதான் எனக்குக் கேட்டது.

அறிக்கையில் உன் முறையைத்தான் சிபாரிசு செய்திருக்கிறேன். புரொபசர் கண்ணாடியைக் கழற்றினார். "போய்ச் சேர்ந்த செய்தி உன் முறையிலதானேப்பா ஜாஸ்தி?"

"ஆமா சார். ஆனா ஆள் இல்லைன்னு அதுக்குத் தெரியாது."

போய்ச் சேராதவை என்று அறிக்கையில் எட்டைத்தான் சேர்த்தேன். அரிசி, மருந்து, படகு என்று முன்பே எழுதிவைத்திருந்த சோதனைச் செய்திகள். ஒன்பதாவது எழுதிவைத்ததில்லை. நீ வாயே திறக்காததை ரோஷம் என்று நினைத்து நானாகச் சொன்னது: "என்னடா, தோத்துட்டேன்னு ஒத்துக்க அவ்வளவு கஷ்டமா இருக்கா?"

சம்பத் வந்து சேர்ந்தபோது உன் தலைமாட்டில் என் குரல் இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்ததாம். அவன் வேறு யாரிடமும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை, உன்னிடம் தவிர.