எல்லாம் அவளே செஞ்சுக்குவா

இன்று காலை தேசம்மாவின் தலையில் சீயக்காய் தேய்த்துக்கொண்டிருந்தபோது அந்த வாசனையோடு நீயும் வந்து நின்றாய், அம்மா. உனக்கு வேறு நேரம் கிடைக்கவில்லை. உன் சின்ன மகளுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. சீயக்காய் கண்ணில் பட்டுவிட்டால் இன்னும் பிள்ளை மாதிரிக் கத்துகிறாள். குளிப்பாட்டி, துடைத்து, ஜாக்கெட் கொக்கி மாட்டிவிடுவது வரை இப்போது என் வேலை. நீ போய்ச் சேர்ந்துவிட்டாய், கொடுத்துவைத்தவள்.

அவளுக்குப் பதினாலு வயது இருக்கும்போது மெட்ராஸிலிருந்து ஒரு டீச்சரம்மா நம் குப்பத்துக்கு வந்தார். பாலம் இல்லாத காலம், பழவேற்காட்டிலிருந்து படகேறி வந்தார். மூளை வளர்ச்சி குறைந்த பிள்ளைகளைத் தங்கவைத்து, குளிக்க, உடுத்த, கடைக்குப் போய்வரப் பழக்குகிற பள்ளி அவர்களுடையது. உண்மையிலேயே யாருக்கு அவசியமோ அவர்களுக்குத்தான் இடம். அதைக் கண்டுபிடிக்கத்தான் கேள்விகளோடு வந்திருந்தார். கேள்விகள் பிள்ளைக்கு இல்லை, பெற்றவளுக்கு.

“உள்ள போய்ப் பேசலாமா?” என்று மெதுவாகத்தான் கேட்டார். வெளியாள் வந்தால் கதவைச் சாத்திக்கொண்டு பேசுகிற வழக்கம் நம்மிடம் ஏது? சாத்தினால் என்னத்தையோ மறைக்கிறாள் என்று பேச்சு வரும். “எங்களுக்கு இன்னா ஒளிவு மறைவு? இங்கியே கேளும்மா” என்று நீ மணலில் உட்கார்ந்தாய். ஆண்கள் கடலுக்குப் போயிருந்தார்கள். கருவாடு காயவைத்துக்கொண்டிருந்த பெண்களெல்லாம் வந்து சூழ்ந்துகொண்டார்கள். தன் மகனுக்கு என்னைப் பெண் கேட்டிருந்த அம்மாவும் முன்னால் உட்கார்ந்திருந்தாள்.

“தானா குளிப்பாளா?”

“குளிப்பா.”

“துணி மாத்திக்குவாளா?”

“அதெல்லாம் மாத்திக்குவா.”

“தூரமான நாள்ல?”

“அவளே பாத்துக்குவா.”

அன்று காலையில் அவள் தீட்டுத் துணியை நீதான் அலசிக் கொல்லையில் காயப்போட்டிருந்தாய். ரெட்டைப் பின்னல் போட்டு, பவுடர் பூசி உட்காரவைத்ததும் நீதான். வந்தவர் வேறு எதை நம்புவார்?

இருந்தும் அவருக்குச் சந்தேகம் வந்தது. பேனாவை நிறுத்தி, “முடியுமான்னு கேக்கலைம்மா. யாரும் சொல்லாம, யாரும் கை வைக்காம தினமும் செய்யறாளான்னு கேக்கறேன்” என்றார். உனக்காக ஒரு கதவைத் திறந்துவைத்தார். நீ என்னைப் பார்த்தாய், அப்புறம் அந்த அம்மாவைப் பார்த்தாய். “எல்லாம் அவளே செஞ்சுக்குவா. கொஞ்சம் மந்தம், அவ்ளோதான்” என்றாய்.

இவ்வளவு செய்துகொள்கிற பெண்ணுக்கு எங்கள் பள்ளி தேவையில்லை என்று சொல்லிவிட்டு அவர் படகேறிப் போனார். அந்த அம்மாவின் மகனோடு எனக்குக் கல்யாணம் நடந்தது. என்னை அனுப்பிவைக்கும்போது காதோடு, “உனுக்காவத்தான்டி அப்டிச் சொன்னேன்” என்றாய். நான் கேட்டேனா அம்மா? அதை ஏன் என் தலையில் கட்டினாய்? மற்றதைக்கூட விட்டுவிடுவேன், அந்த ஒன்றை என்னால் மன்னிக்க முடியவில்லை.

இன்னொன்றையும் கேட்டுக்கொள். தலைப்பிரசவத்துக்கு முன்னால் ஒருநாள் மீன் ஆய்ந்துகொண்டே என் மாமியார் சொன்னாள்: “உன் தங்கச்சி சங்கதி தெரிஞ்சுதான்டி உன்னைக் கட்னோம். குப்பத்துல யாருக்குத் தெரியாது?” உன் பொய்யை ஊரில் ஒருத்தர்கூட நம்பவில்லை. நம்பியது அந்த டீச்சரம்மா மட்டும்தான், உதவி செய்யக்கூடிய ஒரே ஆள்.

போன வாரம் என் மருமகள் கேட்டாள்: “உங்களுக்கு அப்பறம் சின்னத்தே தானா குளிப்பாங்களா அத்தே?” உன் பதில் என் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அதை விழுங்கிவிட்டு, “மாட்டா. கொக்கிகூட மாட்டத் தெரியாது” என்றேன். அவள் முகம் மாறியது. எழுந்து உள்ளே போய்விட்டாள். நீ பயந்தது இந்த முகத்துக்குத்தானா? எனக்குப் பிறகு தேசம்மாவை யார் குளிப்பாட்டுவார்கள் என்று இந்த வீட்டில் இன்னும் யாரும் சொல்லவில்லை.