பவுடரின் படம் உள்பக்கத்துக்குப் போன கதை

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் உன் மனைவியும் சுகம், என் இடது முழங்கால் மட்டும் தனிக்குடித்தனம் போன மாதிரி என் பேச்சைக் கேட்பதில்லை. நீ வேளைக்குச் சாப்பிட்டு, இருமல் இல்லாமல் இருக்கிறாய் என்று நினைத்துக்கொள்கிறேன். போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று கேட்பாய், போனில் நீ என்னை முழுதாகப் பேச விட்டதே இல்லை, அதனால்தான்.

போன மாதம் போனில் உன் மனைவியிடம் "தலைவலி பிடிச்ச வேலை, பேசாம விட்டுடு"ன்னு சொன்னாயாமே. அவள் கோள் சொல்லவில்லை, எனக்குக் காது நன்றாகவே கேட்கிறது. நடந்ததைக் கேள். அவள் வேலை பார்க்கும் பள்ளிக்கூடத்தில் பெற்றோருக்கென்று ஒரு செய்தி இதழ் அடிப்பார்கள் அல்லவா, அதில் பஸ் நேரம் மாறிய விஷயத்தைச் செயலாளரின் வாழ்த்துரைக்கு அடியில் எறும்பு எழுத்தில் போட்டு, பாதிப் பிள்ளைகள் மழையில் நின்றார்கள். தலைமை ஆசிரியை இவளைக் கூப்பிட்டு, எல்லாருக்கும் புரிகிற மாதிரி அதை மாற்றி அமைக்கச் சொன்னாள். செயலாளர் யார் தெரியுமா, படம் எடுக்கும்போதெல்லாம் முகத்தில் அப்பிக்கொண்டு வருவாரே, நம் பவுடர்தான். உன்னை அந்தப் பள்ளியில் சேர்க்கப் போன அன்று நான் உட்கார்ந்ததும் மின்விசிறியை நிறுத்தச் சொன்ன ஆள், அதை நினைத்தால் எனக்கு இன்னும் வேர்க்கிறது.

இவள் என்ன செய்தாள் என்றால், பள்ளி விடும் நேரத்தில் என்னையும் கூட்டிக்கொண்டு வாசலில் போய் நின்று வேடிக்கை பார்த்தாள். இதழை இரண்டாக மடித்துத்தான் பிள்ளைகளிடம் கொடுக்கிறார்கள். ஒருத்தி அதில் பிள்ளைக்கு மூக்குத் துடைத்தாள், ஒருவர் வெயிலில் காய்ந்த வண்டி சீட்டில் போட்டு உட்கார்ந்தார், பிரித்துப் பார்த்தவர் ஒருவரும் இல்லை. மேலே தெரிந்தது பள்ளி முத்திரையும் பவுடரின் முகமும்தான். அன்றிலிருந்து சாப்பாட்டு மேசை முழுக்கக் காகிதம், பசை, கத்தரிக்கோல், நாங்கள் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டோம். சுற்றிலும் பூ போடு, பார்க்க அழகாயிருக்கும் என்று நான் சொன்னேன். "பூவைத்தான் பார்ப்பாங்க அத்தை, தேதியைப் பார்க்க மாட்டாங்க"ன்னு முகத்துக்கு நேரே சொல்லிவிட்டாள். இரண்டு நாள் நான் அவளோடு பேசவில்லை. உன் கல்யாணத்தில் என்னை விட்டுவிட்டுக் குடும்பப் படம் எடுத்துக்கொண்டவளின் மகள்தானே.

அவள் செய்த புது இதழில், மடித்தால் மேலே தெரிகிற பாதியில் என்ன விஷயம், எந்த நாள், எத்தனை மணி, அவ்வளவுதான், கண்ணாடி போடாமலே நான் படித்தேன். பவுடரின் படம் உள்ளே போய்விட்டது. அவர் கொதித்துப்போய், "ஏம்மா, இந்த ஒரு தடவைதான் உன் இஷ்டம். யாராவது ஒருத்தர் வந்து எனக்குத் தெரியாதுன்னு சொன்னாலும் வேலை வெளிக் கம்பெனிக்குப் போயிடும்"னு எல்லார் முன்னாலும் சொன்னார். இவள் அழவில்லை, ஆனால் ராத்திரி சாப்பிடவில்லை.

வெள்ளிக்கிழமை தண்ணீர்க் குழாய் ரிப்பேர், மத்தியானமே பள்ளி விடுகிறது, அதுதான் இதழின் தலைச் செய்தி. மணி அடிக்கும் முன்பே வாசலில் நிற்க இடமில்லை, மூக்குத் துடைத்தவள்கூட வந்திருந்தாள். எல்லாரும் போன பிறகு ஒரே ஒரு பெண்பிள்ளை மட்டும் படியில் உட்கார்ந்திருந்தது. யார் வீட்டுப் பிள்ளை என்று நினைக்கிறாய், பவுடரின் பேத்தி! கார் வர ஒரு மணி நேரம் ஆனது. மனிதர் இறங்கி அலுவலக வாசல்வரை வேகமாக வந்தார், வாயைத் திறந்தார், அங்கே உட்கார்ந்திருந்த உன் மனைவியைப் பார்த்தார், மூடிக்கொண்டார். தெரியாது என்று அவர் எந்த வாயால் சொல்வார்? தலைமை ஆசிரியைதான் "என்ன சார், உள்பக்கத்தை மட்டும் பார்த்தீங்களா?"ன்னு கேட்டாளாம். அடுத்த இதழும் இவளுக்கே என்று அங்கேயே சொல்லிவிட்டாள். நான் சிரித்த சிரிப்பில் முழங்கால் வலியே தெரியவில்லை.

ஆகவே, விட்டுடு என்று சொன்ன வார்த்தையை நீ இந்த ஞாயிற்றுக்கிழமை போனில் திருப்பி வாங்கிக்கொள், என்னிடம் இல்லை, அவளிடம். நான் இப்படி எழுதினேன் என்று அவளுக்குத் தெரிய வேண்டாம், தலைமேல் ஏறி உட்கார்ந்துவிடுவாள். குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியே போ. உனக்கு ஆயுசும் ஆரோக்கியமும், கொஞ்சம் பொறுமையும் கிடைக்கட்டும்.

எதையும் மறக்காத,
உன் அம்மா