உறவு என்ன என்று கேட்கும் கட்டம்

ஹோம்புஷ், சிட்னி
3 மார்ச் 2025

திரு. அரியரத்தினம் அவர்களுக்கு,

வணக்கம். முதலில் ஒரு தவறைத் திருத்திவிடுகிறேன். நான் தாய்லாந்துக்குக் குடிபோகவில்லை. நீங்கள் விமானம் ஏறி இரண்டு கிழமைதான் ஆகிறது. அதற்குள் மரக்கறிக் கடையில் ஒருத்தி என் முகத்துக்கு நேரே, "அன்ரி, எப்ப பயணம்? வீடு பாக்கத்தானே அங்கிள் முன்னுக்குப் போனவர்?" என்று கேட்டாள். "பிள்ளை, அவற்ர முழங்காலுக்கு சிட்னிக் குளிர் ஒத்துவரேல்லை, அதுக்குத்தான் போனவர். நான் ஏழு வருஷம் பாங்கொக்கில இருந்தனான் எண்டபடியால் நாலு விஷயம் சொல்லி விட்டனான்" என்றேன். "ஓம் அன்ரி, ஓம்" என்று அவள் சிரித்த சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. லிட்கமில் இருப்பவர் இரண்டு ஸ்டேஷன் தாண்டி வந்து சனிக்கிழமைகளில் ஹோம்புஷில் கோப்பி குடித்தால், ஹோம்புஷ் கோப்பி நல்லது என்றுதான் பொருள். உங்களிடம் யாராவது கேட்டாலும் இதையே சொல்லவும்.

நான் நான்கு பக்கத்தில் எழுதித் தந்த குறிப்புகளைக் கோப்பிக்கடை மேசையிலேயே விட்டுவிட்டுப் போயிருக்கிறீர்கள். கடைக்காரர் மடிப்புக் கலையாமல் என்னிடம் திருப்பித் தந்தார். மடிப்புக் கலையவில்லை என்பதையும் கவனித்தேன். இத்துடன் இணைத்திருக்கிறேன். இந்த முறை வாசிக்கவும். முக்கியமானவற்றை இங்கேயும் சொல்கிறேன்.

குழாய்த் தண்ணீர் குளிப்பதற்கு மட்டும். குடிக்கப் பெரிய போத்தல் தண்ணீர் வீட்டுக்கே கொண்டுவந்து தருவார்கள். ஐஸ் கட்டியில் நடுவே துளை இருந்தால் அது தொழிற்சாலையில் செய்தது, பயமில்லை. கயிறு கட்டும் சப்பாத்தை இங்கேயே விட்டுப் போயிருக்க வேண்டும்; ஒரு நாளைக்கு இருபது தடவை கழற்ற வேண்டி வரும், உங்கள் முழங்காலோடு அது நடக்காது. பெயருக்கு முன்னால் "குன்" சேர்த்து அழைப்பதுதான் அங்கே மரியாதை. தொண்ணூறு நாளுக்கு ஒரு தடவை குடிவரவு அலுவலகத்தில் விலாசத்தை அறிவித்து, தரும் துண்டைக் கடவுச்சீட்டிலேயே வையுங்கள். அவர்களுடைய ஆண்டு நம்முடையதைவிட ஐந்நூற்று நாற்பத்துமூன்று கூட. காலையும் மாலையும் தேசிய கீதம் கேட்டால், கையில் என்ன இருந்தாலும் எழுந்து நில்லுங்கள். பொதுத் தொலைபேசிக்கு எப்போதும் ஒரு பாத் நாணயங்கள் சட்டைப் பையில் இருக்கட்டும். கோபம் வந்தால் சிரியுங்கள். இது எனக்குக் கடைசிவரை வரவில்லை. என் கணவருக்கு வந்தது.

மோட்டார் சைக்கிளில் ஏற வேண்டாம்.

இப்படிக்கு,
திருமதி விமலாதேவி அருந்தவன்

*

சியாங் மாய்
27 மார்ச் 2025

மதிப்புக்குரிய மிஸிஸ் அருந்தவன்,

உங்கள் கடிதமும் குறிப்புகளும் கிடைத்தன. மேசையில் விட்டு வந்தது என் தவறு. கடிதம் பத்து நாள் முந்தி வந்திருந்தால் ஒரு மானக்கேடு தப்பியிருக்கும்.

இரத்த அழுத்த மாத்திரை வாங்கினேன். பெட்டியில் 05/69 என்று இருந்தது. நாற்பத்திரண்டு வருடம் மருந்தாளராக இருந்தவன் நான். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்பதில் காலாவதியான மாத்திரையை விற்கிறார்களே என்று கடைக்குப் போய்ச் சத்தம் போட்டேன். நான் சத்தம் போடக்கூடியவன் என்று உங்களுக்கு நம்பிக்கை இராது. கடைக்காரப் பெண் கை கூப்பிச் சிரித்துக்கொண்டே இருந்தாள். பிறகு சுவரிலிருந்த நாட்காட்டியைக் கழற்றிக் கொண்டுவந்து, 2568 என்ற எண்ணின்மேல் விரலை வைத்தாள். 69 என்றால் அவர்களுடைய 2569, அடுத்த வருடம்தான். இப்போது அந்தத் தெருவில் எல்லோரும் என்னைப் பார்த்து அன்பாகத் தலையசைக்கிறார்கள்.

நாணயங்களைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு நடந்தேன். தொலைபேசிக் கூண்டு ஒன்றும் கண்ணில் படவில்லை. நீங்கள் இங்கிருந்து போய் முப்பது வருடம் ஆகிறது என்பதை மரியாதையோடு நினைவூட்டுகிறேன். இன்னொன்று, பாங்கொக்கில் இருந்தவர்களுக்குத் தெரிந்திராது: மார்ச் மாதம் இங்கே ஒரே புகை. காடும் வயலும் எரிகின்றன. எதிரே இருக்கும் மலையை இன்னும் நான் பார்க்கவில்லை. முகக்கவசத்தோடு நடக்கிறேன். ஆனால் முழங்கால் வலி இல்லை.

கோப்பி இங்கே மிக நல்லது. "சீனி ரெண்டு கரண்டி போட்டிட்டியள்" என்று சொல்ல எதிர்க் கதிரையில் ஆள் இல்லாதபடியால் மூன்று கரண்டி போடுகிறேன்.

என்றும் மதிப்புடன்,
அரியரத்தினம்

*

ஹோம்புஷ்
20 ஏப்ரல் 2025

அன்புள்ள அரியரத்தினம் அவர்களுக்கு,

புகையைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. என் குறிப்பில் அது இல்லை. சேர்த்துவிட்டேன். நாணயங்களை வெட்டிவிட்டேன். சீனியை ஒரு கரண்டியாகக் குறைக்கவும். மருந்தாளருக்கு இதை நான் சொல்ல வேண்டியிருக்கிறது.

மாத்திரைக் கதையை நம் கோப்பிக்கடைக்காரரிடம் சொன்னேன். அவர் சிரித்துச் சிரித்துக் கல்லாவில் சாய்ந்துவிட்டார். உங்கள் கதிரையில் இப்போது அவர் மா மூட்டை வைக்கிறார். "அன்ரி, வேற ஆரும் இருக்கிறதெண்டால் சொல்லுங்கோ, எடுத்து விடுறன்" என்றார். மூட்டையே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

இங்கே ஒரு புதிய சங்கதி. என் மகள் ஷாமளா மெல்பேர்னில் ட்ருகனினாவில் வீடு கட்டி முடித்துவிட்டாள். கீழே எனக்கென்று ஓர் அறை, பக்கத்திலேயே குளியலறை, பிடித்து எழும்பக் கைப்பிடி எல்லாம் வைத்திருக்கிறாள். ஹோம்புஷ் ஃபிளாட்டை விட்டுவிட்டு வரட்டாம். "அம்மா, அங்க தனிய இருந்து என்ன செய்யிறியள்?" என்று கேட்கிறாள். அன்பாகத்தான் கேட்கிறாள். ஆனால் அங்கே ஒரு வெங்காயம் வாங்குவதென்றாலும் யாராவது காரில் ஏற்றிக்கொண்டு போக வேண்டும். சுற்றிவரப் பண்டகசாலைகள். வெங்காயத்துக்கு மருமகனின் ஓய்வு நாளைப் பார்த்திருக்க எனக்கு விருப்பமில்லை. ஓகஸ்ட் முடிவதற்குள் பதில் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன். "வேண்டாம்" என்று சொல்வதற்கு ஒரு நல்ல காரணம் வேண்டும். வெங்காயம் போதாது.

உங்கள் கையெழுத்து சாய்ந்துகொண்டே போகிறது. கோடு போட்ட தாளில் எழுதினால் என்ன? கொன்வென்ற்றில் நீங்கள் படித்திருந்தால் முழங்காலில் நிற்க விட்டிருப்பார்கள்.

அன்புடன்,
விமலாதேவி அருந்தவன்

*

சியாங் மாய்
15 மே 2025

அன்புள்ள விமலாதேவி அவர்களுக்கு,

கோடு போட்ட தாள் வாங்கிவிட்டேன். மழை தொடங்கிவிட்டது. புகை போய் மலை வெளியே வந்தது. இவ்வளவு பக்கத்தில் இவ்வளவு பெரிய ஒன்று மூன்று மாதமாக இருந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை.

வெங்காயத்தைப் பற்றி யோசித்தேன். என் வாசலிலிருந்து சந்தைக்கு ஆறு நிமிடம். நேற்றுக் கைக்கடிகாரத்தைப் பார்த்து நடந்தேன். வெங்காயம், முருங்கைக்காய், கத்தரிக்காய், பச்சை மிளகாய் எல்லாம் இருக்கிறது. கறிவேப்பிலை என் வீட்டு முற்றத்திலேயே நிற்கிறது. வீட்டுக்காரி குன் மாலி அதை அழகுக்கு நட்டவராம்; நான் ஒரு கொப்பு முறித்ததைப் பார்த்துப் பயந்துபோனார்.

வீட்டில் இரண்டாவது அறை ஒன்று இருக்கிறது. அதற்குத் தனிப் பூட்டு, தனிக் குளியலறை. கிழக்குப் பக்க ஜன்னல். நான் அதில் பெட்டிகளை வைத்திருந்தேன், எடுத்துவிட்டேன். ஓகஸ்டில் சிட்னிக் குளிரிலிருந்து ஒரு மாறுதலுக்காக நீங்கள் வந்து பார்க்கலாம். முப்பது வருடத்தில் இந்த நாடு எப்படி மாறியிருக்கிறது என்று பார்த்து உங்கள் குறிப்புகளைத் திருத்தவும் உதவும்.

நான் மோட்டார் சைக்கிளில் ஏறவில்லை. மின்சாரச் சைக்கிள் ஒன்று வாங்கியிருக்கிறேன். அது வேறு.

அன்புடன்,
அரியரத்தினம்

*

ஹோம்புஷ்
6 ஜூன் 2025

அன்புள்ள அரியம்,

அது வேறு அல்ல. ஹெல்மெற் போடுங்கள்.

மிஸிஸ் அருந்தவன் போய் விமலாதேவி வந்திருக்கிறதைக் கண்டேன். கை தவறி வந்ததென்று நான் நினைக்கவில்லை. ஆட்சேபமும் இல்லை.

ஓகஸ்ட் 16ஆம் திகதிக்கு ரிக்கற் எடுத்துவிட்டேன். மூன்று கிழமை. ஷாமளாவிடம் தாய்லாந்துக்கு ஓய்வுக்குப் போகிறேன் என்று சொன்னேன். "ஆரோட அம்மா?" என்றாள். "சூட்கேசோட" என்றேன். பிறகு, "அப்பா இருந்திருந்தால் சிரிச்சிருப்பார்" என்றாள். உண்மைதான். அவர் சிரித்திருப்பார்.

அறையில் பருத்தி விரிப்பு, தடித்த தலையணை ஒன்று, வாசிக்க ஒரு விளக்கு. சமையலை நான் பார்த்துக்கொள்கிறேன். நீங்கள் பாத்திரம் கழுவுவீர்கள். குசினி எந்தப் பக்கம் என்று எழுதவும்.

அன்புடன்,
விமலா

*

சியாங் மாய்
28 ஜூன் 2025

அன்புள்ள விமலா,

குசினி பின்பக்கம். ஜன்னலுக்கு வெளியே கறிவேப்பிலை. விரிப்பு, தலையணை, விளக்கு மூன்றும் வாங்கிவிட்டேன். விளக்கைத் திருப்பிக் கொடுத்து வேறொன்று வாங்கினேன், முதல் விளக்கு கண்ணைக் குத்தியது.

ஒரு சின்ன அலுவலும் முடிந்தது. இங்கே வெளிநாட்டவர் யார் வந்து தங்கினாலும் ஒரு நாளுக்குள் வீட்டுக்காரர் குடிவரவுக்கு அறிவிக்க வேண்டும் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். குன் மாலி முன்கூட்டியே படிவத்தைக் கொண்டுவந்துவிட்டார். பெயர், நாடு, வரும் திகதி எல்லாம் எழுதி வந்தோம். கடைசியில் ஒரு கட்டம், உறவு என்ன என்று. அவர் பேனாவை என்னிடம் தந்துவிட்டு, "யார் வாறது?" என்று கேட்டார். பின்னால் அவருடைய இரண்டு சிநேகிதிகள் நின்றார்கள். எனக்குக் காது சூடாகிவிட்டது. "சகோதரி" என்று எழுதிவிட்டேன்.

உங்களுக்கு என் கதை தெரியும். நாலு தங்கச்சிமாரைக் கரைசேர்த்தவன். கனடாவுக்கும் லண்டனுக்கும் அவர்களுக்காக எத்தனை படிவம் நிரப்பினேனோ, அத்தனையிலும் அந்தக் கட்டத்தில் அதே சொல்தான். கை தானாகவே எழுதிவிட்டது. குன் மாலிக்கு மெத்தச் சந்தோஷம். இனி உங்களைப் பற்றி யாரும் ஒரு சொல் பேச மாட்டார்கள். எல்லாம் நல்லபடியாக முடிந்தது.

அன்புடன்,
அரியம்

*

ஹோம்புஷ்
15 ஜூலை 2025

திரு. அரியரத்தினம் அவர்களுக்கு,

எல்லாம் நல்லபடியாக முடியவில்லை.

எனக்கு இரண்டு அண்ணன்மார். ஒருவர் உயிரோடு இருக்கிறார். மூன்றாவதாக ஒருவர் வேண்டும் என்று இந்த எழுபது வயதில் நான் யாரிடமும் கேட்கவில்லை. உங்களுக்கும் நாலு பேர் இருக்கிறார்கள். நான் ஐந்தாவதாக வர மாட்டேன். தங்கை ஒருத்திக்கு விளக்கு கண்ணைக் குத்துகிறதா என்று பார்த்துக் கடைக்குத் திரும்பப் போகிறவர் எவரையும் நான் கண்டதில்லை. என் அண்ணன்மார் விளக்கே வாங்கித் தர மாட்டார்கள்.

நம் ஆட்கள் எல்லோரும் செய்கிற வேலை இது. ஒரு பெண்ணை வீட்டுக்குள் கூப்பிடப் பயமென்றால் அவளைச் சகோதரி ஆக்கிவிடுகிறார்கள். என் மரியாதையைக் காப்பாற்றியதாக நினைக்கிறீர்கள். என் மரியாதை நல்ல சுகமாக இருக்கிறது, அதற்குப் பொய் தேவையில்லை. அரசாங்கப் படிவத்தில் பொய் எழுதுவது குற்றம் என்பது வேறு விஷயம்.

கோபத்தில் எழுதுகிறேன் என்று நினைக்க வேண்டாம். உங்கள் கடிதம் வந்த அன்று கோபமாக இருந்தேன். சனிக்கிழமை கோப்பிக்கடையில் அதை இன்னொரு தடவை வாசித்தபோது காது சூடாகிவிட்டது என்ற இடத்தில் சிரிப்பு வந்துவிட்டது. தங்கச்சிமாரைப் பற்றி எழுதும்போது எந்த மனுஷனுக்கும் காது சூடாகாது.

படிவம் இன்னும் குன் மாலியின் கையில்தான் இருக்கும். நான் வந்து இறங்கிய பிறகுதான் அதைக் கொடுக்கலாம். ஆகவே செய்ய வேண்டியது இது. அந்தச் சொல்லின் குறுக்கே ஒரே ஒரு கோடு போடுங்கள். மேலே மேலே கிறுக்க வேண்டாம். பக்கத்தில் உங்கள் சிறு கையொப்பத்தை வையுங்கள். பிறகு சரியான சொல்லை எழுதுங்கள். அது என்ன சொல் என்று நான் சொல்லித் தர மாட்டேன்.

சிநேகிதி என்று எழுதினால் அது உண்மைதான். வருவேன், மூன்று கிழமை சமைப்பேன், குறிப்புகளைத் திருத்துவேன், திரும்பி வந்து ட்ருகனினாவுக்குப் பெட்டி கட்டுவேன். ஒரு குறையும் சொல்ல மாட்டேன். மனைவி என்று எழுத இன்றைக்கு உங்களுக்கு உரிமை இல்லை. எழுதும் எண்ணம் இருந்தால் அதற்கு முதல் இங்கே நிரப்ப வேண்டிய படிவம் ஒன்று இருக்கிறது. கலியாணத்துக்கு ஒரு மாதம் முன்னதாகக் கொடுக்க வேண்டுமாம். நூலகத்தில் விசாரித்தேன். பொது அறிவுக்காகத்தான் விசாரித்தேன், ஆனால் அங்கிருந்த பெண் ஒரு பிரதியும் எடுத்துத் தந்துவிட்டாள். என் பகுதியைக் கறுப்பு மையில் நிரப்பி வைத்திருக்கிறேன். உங்களுடையது வெறுமையாக இருக்கிறது.

வெட்கத்தில் ஒன்றும் சொல்லாமல் விட்டுவிட வேண்டாம். நீங்கள் எதை எழுதினாலும் மரக்கறிக் கடைக்குத் தெரிவதற்கு முன்னால் ஷாமளாவுக்கு நானே சொல்ல வேண்டும்.

தொலைபேசியில் சொல்ல வேண்டாம். நீங்கள் இருமுவீர்கள், நான் வேறு பேச்சு எடுத்துவிடுவேன். கோடு போட்ட தாளில், உங்கள் கையால், அந்தக் கட்டத்தில் எதை எழுத விரும்புகிறீர்கள் என்று எழுதி, ஓகஸ்ட் பத்தாம் திகதிக்கு முன் என் கையில் கிடைக்கும்படி தபாலில் பதில் போடவும்.

விமலா