காணாமல் போன கதை

இன்னமும் என் தோழியாக இருப்பவளே,

நம் பல்கலைக்கழக இலக்கிய இதழ் அச்சாகி வந்தது. பிரித்தால், விடுதிக் காப்பாளரைப் பற்றி முதலாண்டுப் பெண் எழுதிய கதையைக் காணோம். ஆசிரியர் குழுவில் நாம் ஐந்து பேரும் சேர்ந்து தேர்ந்தெடுத்த கதை! துறைத்தலைவர் முகம் சுளித்ததும், எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் நீயே அச்சகத்துக்குப் போய் எடுத்துவிட்டாயாம்.

அந்தப் பெண் இதழை இரண்டு முறை புரட்டிவிட்டு, "அக்கா, என் கதை அவ்வளவு மோசமாவா இருந்துச்சு?" என்று கேட்டாள்.

நாங்கள் நால்வரும் கதையை நகலெடுத்து முந்நூறு பிரதிகளிலும் ஒட்டிவிட்டோம். துறைத்தலைவர் கூப்பிட்டிருக்கிறார்; நாளை போகிறோம். உன் பெயரை இழுக்க மாட்டோம். ஆனால் நீ அவளிடம் போ. கதை நன்றாகத்தான் இருந்தது, பயந்தது நீதான் என்று உன் வாயால் சொல்.

உன் பக்கத்து நாற்காலிக்காரி