நாற்காலியில் உட்காராத பூல்மணி

செட்டிகுளம்
மாசி 12

அன்புள்ள தென்றலுக்கு,

நானும் அப்பாவும் சுகம், உன் இருமல் விட்டதா, அந்தக் குளிரில் காதை மூடிக்கொண்டுதானே வெளியே போகிறாய். போன வாரம் போனில் எல்லாம் நல்லாத்தான் இருக்கு என்றேன், பூல்மணி நம் வாசலில் உட்காருவதை நிறுத்திவிட்டாள் என்பதைச் சொல்லவில்லை. ஜார்க்கண்டிலிருந்து மகனோடு நம் வெங்காயப் பட்டறைக்கு வேலைக்கு வந்தவள், என் வயதுதான், அவளுக்குத் தமிழ் நாற்பது வார்த்தை, எனக்கு அவள் பாஷை மூன்று. அதை வைத்துக்கொண்டே ஒரு வருஷமாகச் சாயங்காலம் நாற்காலி போட்டு டீ குடிக்கிறோம், அவள் மருமகளைத் திட்டுவாள், நான் உன் அப்பாவைத் திட்டுவேன், ரெண்டு பேருக்கும் எல்லாம் புரியும். பொங்கல் முடிந்து உடையார்பாளையத்திலிருந்து உன் கலியம்மாள் அத்தை வந்தாள். வந்ததும் வராததுமாக என்னைப் பார்த்து, ஏ வைரம், யாரு இது, உனக்குச் சமமா கால்மேல கால் போட்டுக்கிட்டு என்று கேட்டாள். இத்தனை புத்தகம் படித்த எனக்கு சிநேகிதி என்று சொல்ல வாய் வரவில்லை, வேலைக்கு வந்தவங்க அண்ணி என்றேன். அந்த நாற்பது வார்த்தையில் இதுவும் இருக்கும் என்று நினைக்கவில்லை.

மறுநாள் பூல்மணி வந்தாள், விளக்குமாற்றை எடுத்து வாசல் கூட்டினாள். டீயை நின்றுகொண்டே குடித்து டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தாள். அதுவரை அக்கா என்றவளுக்கு நான் முதலாளியம்மா ஆனேன். உன் அப்பாவுக்கு ஒரே சந்தோஷம், வாசல் இவ்வளவு சுத்தமா இருந்ததே இல்ல, நீங்க சண்டையிலேயே இருங்க என்கிறார். எனக்கோ அவளை விட்டால் இங்கே மனசுவிட்டுப் பேச ஆளில்லை. பத்து நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, பட்டறைக்குப் போய் அவள் பக்கத்தில் சம்மணம் போட்டு வெங்காயத் தாள் அறுக்க உட்கார்ந்தேன். அரை மணியில் மூட்டு பிடித்துக்கொண்டது. மேஸ்திரி அமாவாசை ஓடிவந்து என்னம்மா இது என்று பதற, பூல்மணி தலையைத் தூக்காமல், புதுசு, வேலைக்கு வந்தவங்க, கை ரொம்ப மெதுவு என்றாள். பட்டறையே சிரித்தது. எழுந்திருக்க முடியாமல் கிடந்த என்னை அவள்தான் கை கொடுத்துத் தூக்கி, போலாம் அக்கா, டீ போடு என்றாள்.

பாஸ்போர்ட் முடிகிற தேதியை மறக்காமல் பார். வேளைக்குச் சாப்பிடு. மலைமேல் முருகன் உன்னோடு இருக்கட்டும்.

உன் அம்மா,
வைரக்கண்ணு

பி.கு.: இந்தக் கவரை ஒட்டுவதற்குள் அத்தை பேத்தியின் காதுகுத்து வந்துவிட்டது. பூல்மணியைக் கூட்டிக்கொண்டு போனேன், பந்தியில் அடுத்தடுத்த இலையில் உட்கார்ந்தோம். அத்தை என்னோடு பேசவில்லை. பூல்மணி ரெண்டாம் தடவை பாயசம் கேட்டாள், அத்தையே வந்து ஊற்றினாள்.