பாறைக்கும் தண்ணீருக்கும் நடுவில்

பாப்பாவின் அப்பாவுக்கு,

பின்பக்கத்தில் குளம் கட்டியாகிவிட்டது. எங்கே தோண்டினாலும் பாறைதான். முழங்கால் ஆழத்துக்கு மேல் கடப்பாரை இறங்கவில்லை. பெயர்த்த கற்களையே அடுக்கி அருவி வைக்கச் சொன்னேன். ஆஸ்பத்திரியில் பாப்பா கடைசியாக வரைந்த படத்தில் இருப்பதுபோலவே மூன்று படி.

தண்ணீர் நிற்க ரப்பர் ஷீட் வாங்கினேன். கொத்தனார் பள்ளத்தைத் தடவிப் பார்த்தார். “அடியில பழந்துணி மெத்துனு விரிக்கணும்மா. இல்லன்னா பாறை குத்தி ஷீட்டைக் கிழிச்சிடும்.”

அலமாரியைத் திறந்து, இருந்ததையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்தேன்.

“எல்லாம் புதுசா இருக்கேம்மா.”

“அந்த அளவுல இனிமே வீட்ல யாருமில்ல. விரிங்க.”

மஞ்சள் ஸ்வெட்டரை மட்டும் நானே இறங்கி, கூரான முனைமேல் மடித்து வைத்தேன்.

அவள் துணியை யாருக்கும் கொடுத்துவிடாதே என்று சொல்லிவிட்டுத்தானே மறுவாரமே வேலைக்குக் கிளம்பினீர்கள்? யாருக்கும் கொடுக்கவில்லை.

பாப்பாவின் அம்மா