கழுத்தில் பூசிய சிவப்பு

யாழ்ப்பாணச் சிறை
23.06.2024

அன்புள்ள ஆரபி அக்காவுக்கு,

அம்மாவின் முழங்கால் எப்படி? நான் இருக்கிறேன். சாப்பாட்டைப் பற்றி எழுதினால் அம்மா அழுவா, அதை விடுகிறேன்.

பதினான்காம் திகதி பின்னேரம் நாலரைக்குச் சந்தைக்குப் பின்னால் நம் ஊர் லெனாட்டின் கையில் வாள்வெட்டு விழுந்தது. முகத்தை மூடிக்கொண்டு வெட்டியவர்களில் நானும் ஒருவன் என்கிறது பொலிஸ். அவர்களிடம் இருப்பது அந்தப் படம் ஒன்றுதான். "ஒருக்கா பிடிச்சுப் பாரடா" என்று அந்தக் கூட்டத்து எமில்ராஜ் தந்த வாளைத் தோளில் வைத்துப் படம் எடுத்து போன மாதம் முகநூலில் போட்டேனே, அது. அதைப் பார்த்துவிட்டு ரோட்டில் இரண்டு பேர் எனக்கு வழி விட்டார்கள். அந்தப் பெருமைக்காகத்தான் போட்டேன். மறுநாளே அழித்தேன், அதற்குள் எல்லோருடைய போனுக்கும் போய்விட்டது.

நாலரைக்கு நான் எங்கே நின்றேன்? நம் வீட்டு வேலியடியில், உங்கள் ஆராய்ச்சி ஓணானைப் பிடித்துக்கொண்டு. நீங்கள்தான் ஓணான் கண் சிமிட்டினாலும் நேரம் போட்டு எழுதுகிற ஆளாயிற்றே. அந்த ஆராய்ச்சிப் புத்தகத்தைச் சட்டத்தரணி தேவராசாவிடம் உடனே கொடுங்கள். அது போதும், நான் வீட்டுக்கு வந்துவிடுவேன்.

உங்கள் தம்பி
கஜீபன்


மட்டுவில்
30.06.2024

என் அன்புத் தம்பி கஜீபன்,

அம்மாவின் முழங்காலுக்கு எண்ணெய் தடவுகிறேன். அவ உன் சேட்டுகளைத் தோய்த்துக் காயப்போட்டு, காய்ந்ததும் திரும்பத் தோய்க்கிறா. சொன்னால் கேட்பதில்லை.

உன் சண்டியன் ஓணான் இன்னமும் வேலியில் அந்தப் பூவரசங் கதியாலில்தான் இருக்கிறான். இன்று காலை புதிதாக ஒரு கடுவன் ஓணான் வந்தது. நம்மவன் தலையும் கழுத்தும் சிவந்து, கன்னம் கறுத்து, ஏழெட்டுத் தண்டால் எடுத்தான். வந்தவன் நிறம் மங்கி மண்ணாங்கட்டி மாதிரி ஆகி, இறங்கிப் போய்விட்டான். இவனும் துரத்தவில்லை. ஒரு கடி இல்லை, ஒரு சொட்டு இரத்தம் இல்லை. "மனிசரிலும் திறம்" என்பாயே, நினைத்துக்கொண்டேன்.

புத்தகத்தை எடுத்துப் பார்க்கிறேன். சட்டத்தரணி ஊரில் இல்லைப் போல.

அக்கா
ஆரபி


யாழ்ப்பாணச் சிறை
07.07.2024

அக்கா,

தேவராசா ஐயா நேற்று வந்தார். அவர் ஊரில்தான் இருக்கிறாராம். மூன்று தரம் கேட்டும் புத்தகம் வரவில்லையாம். நீங்கள் எனக்கு ஓணான் கதை எழுதுகிறீர்கள். இருபத்தொன்பதாம் திகதி பிணை மனு. என்ன நடந்தது என்று மறைக்காமல் சொல்லுங்கள். எனக்கு இங்கே பயமாக இருக்கிறது.

கஜீபன்


மட்டுவில்
12.07.2024

தம்பி,

இதை எழுதக் கை வரவில்லை. அந்தப் பக்கம் இல்லை. நான் கிழித்துவிட்டேன்.

பொய்ச் சிவப்புக்குப் பெரியவன், அந்தச் சண்டியன், பயப்படுவானா என்று பார்க்க, அன்று ஒரு சின்ன ஓணானின் கழுத்தில் என் நகத்துச் சிவப்புக் கியூடெக்ஸைப் பூசினோம். 4.22க்கு வேலியில் விட்டோம். 4.26க்குச் சின்னவன் பயந்து உடம்பெல்லாம் மங்கினான். கழுத்து மட்டும் மங்கவில்லை, எப்படி மங்கும்? மங்கியிருந்தால் பெரியவன் விட்டிருப்பான். கடித்துக் குதறினான். 4.31க்குச் சின்னவன் உன் கையில் செத்தான். 'கஜீபன் கையில்' என்றே எழுதியிருந்தேன்.

ஒரு பிராணியும் சாகாது என்று பல்கலைக்கழகத்தில் ஜெயனி மிஸ்ஸுக்கு எழுதிக் கொடுத்துத்தான் இந்த ஆராய்ச்சிக்கே அனுமதி வாங்கினேன். நீ கை கழுவப் போன நேரம் அந்தத் தாளைக் கிழித்து அடுப்பில் போட்டேன். அடுத்த நாள் விடிய உன்னைப் பிடித்தார்கள்.

நேற்றுத் தேவராசாவிடம் போய், நீ என்னோடு நின்றதை நானே சாட்சி சொல்கிறேன் என்றேன். "தங்கச்சி, கூடப்பிறந்தவளின்ரை வாய்ச்சொல்லை ஆர் நம்புவினம்? எழுத்து வேணும்" என்றார். அந்தத் தாளில் இருந்த ஒவ்வொரு வரியும் எனக்கு மனப்பாடம். கிழித்த இடத்தில் ஒட்ட ஒரு தாள் எடுக்க, அதே மாதிரிப் புத்தகம் ஒன்று வாங்கி வைத்திருக்கிறேன். நடந்ததைத்தானே எழுதப் போகிறேன். என்னைத் திட்டிவிடு, ஆனால் பேசாமல் இருக்காதே.

ஆரபி


மட்டுவில்
30.07.2024

தம்பி,

நேற்று நீ கூண்டில் நின்று பார்த்தாய். பொலிஸ் தரப்பு என் புத்தகத்தை விரித்துப் பிடித்ததும் நான் ஒட்டிய தாள் கையோடு வந்துவிட்டது. ஒரு சொல்கூடப் பொய் இல்லை, கஜீபன். உண்மையை நான் பசை போட்டு ஒட்டி, பொய்யாக்கிப் போட்டேன். இனி நான் வாய் திறந்து என்ன சொன்னாலும் எடுபடாது. பொய்ச் சான்று என்று என்னையும் விசாரிக்கப் போகிறார்கள். இன்று காலை பல்கலைக்கழகத்தாலும் நிறுத்திவிட்டார்கள். அதெல்லாம் எனக்குப் பெரிதில்லை. பிணை இல்லாமல் உன்னை வாசலோடு திருப்பி அனுப்பியது நான்தான். எப்படித் தாங்குவேன்?

ஆரபி


யாழ்ப்பாணச் சிறை
05.08.2024

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் கிடைத்தது. இரண்டு நாள் உங்கள் மேல் சரியான கோபம். மூன்றாம் நாள் எமில்ராஜின் வாள் ஞாபகம் வந்தது. என் கழுத்தில் பூசியது நானேதான்.

தேவராசா ஐயாவைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். அந்தத் தாளை எழுதி ஒட்டச் சொன்னது நான், பயமுறுத்தி எழுதுவித்தேன் என்று. லெனாட்டை வெட்டியதையும் ஒப்புக்கொள்ளப் போகிறேன். "வெட்டாமலே ஒப்புக்கொள்ளப் போறியோ தம்பி?" என்று கேட்டார். "ஓம் ஐயா" என்றேன். மங்கினால் விட்டுவிடுவான் என்று நீங்கள்தானே எழுதினீர்கள். உங்களையாவது விடட்டும். அம்மாவுக்கு ஒரு பிள்ளையாவது வீட்டில் வேண்டும்.

நீங்கள் மாறாக ஒன்றும் சொல்லிவிடாதீர்கள். சொன்னாலும் நம்பமாட்டார்கள்.

இங்கே வர வேண்டாம். கடிதமும் வேண்டாம், வந்தால் வாங்கமாட்டேன். சேட்டுகளை இனித் தோய்க்க வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். மடித்து வைக்கட்டும்.

தம்பி
கஜீபன்